ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் பற்றிய இரண்டு தாள்கள்

"எந்த ஞாயித்துக்கெழமம்மா?"

காவல் நிலையத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். சப்-இன்ஸ்பெக்டர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. இரண்டிலும் இருந்தது என் எழுத்து. ஒன்றில் குறிப்பிட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, நூறு வருஷத்துக்கு முன்பு ரஷ்யாவில் வந்துபோன ஒன்று. அதைச் சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி, இதை உங்களுக்கு யார் கொடுத்தது என்று வரும். அதற்கான பதில் என் மகளின் பெயர். அந்தப் பெயர் அந்தக் கட்டடத்துக்குள் எந்த நோட்டிலும் ஏறிவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். தண்ணீர் வரவில்லை என்று எப்போதோ நடந்த பஸ் மறியலில் கும்பலோடு நின்றவர். ஆறு வருஷம் கழித்து அரசு வேலைக்குத் தேர்வாகி, உத்தரவு வரவேண்டிய நேரத்தில் அந்தப் பழைய வழக்கு எழுந்து வந்து குறுக்கே நின்றது. அவர் இப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே செருப்புக்கடையில் இருக்கிறார். என் மகள் பிறந்ததிலிருந்து நான் பயந்த விஷயங்கள் பல உண்டு. காய்ச்சல், கிணறு, லாரி, காதல் எல்லாம் அதில் அடக்கம். அவள் கல்லூரிக்குப் போன பிறகு இந்த ஒரு பயம்தான் மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தது.

அவள் அப்போது எங்கள் விருத்தாசலத்திலேயே அரசுக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வரலாறு. அவள் அப்பா குவைத்தில். வெள்ளிக்கிழமை மட்டும் பேசுவார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பட்டம் முடித்து அரசுத் தேர்வு எழுதுவது என்று இருவரும் பேசி முடிவு செய்திருந்தோம். பேசியது நான், முடிவு செய்ததும் நான் என்று அவள் சொல்வாள்.

நான் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கொட்டகையில் மின்சாரப் பெட்டிக்கான பியூஸ் கட்டைகள், இன்னொன்றில் பொம்மைகள். சூளையிலிருந்து இறங்கிய சரக்கை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்கி, நல்லதைப் பெட்டியில் அடுக்கி, பெட்டிக்குச் சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். சீட்டெல்லாம் நான்தான் எழுதுவேன். என் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்தக் கர்வம்தான் இதில் வந்து நின்றது.

மகளுக்குக் கல்லூரியில் ஒரு செமினார். ரஷ்யப் பேரரசின் கடைசிக் காலத்தில் மக்கள் ஏன் கொந்தளித்தார்கள் என்பதற்கான காரணங்களை வகுப்பில் நின்று பேச வேண்டும். நூலகத்திலிருந்து தடியான புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு வாரம் குறிப்பெடுத்தாள். எடுத்த குறிப்பை அவளாலேயே படிக்க முடியவில்லை.

"ம்மா, நீ எழுதிக் குடுத்தா பாத்துப் பேசிடுவேன். என் எழுத்த வச்சிகிட்டு நின்னா நானே முழிப்பேன்."

"பரிச்சையும் நானே வந்து எழுதிடட்டுமா?"

"வந்தா வேணாம்னா சொல்லப்போறேன்?"

முதல் தாளை வீட்டிலேயே எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அது கிராமங்களைப் பற்றியது. குடியானவர்களை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்தார்கள். ஆனால், பாட்டன் முப்பாட்டன் உழுத நிலத்துக்கே அவர்கள் பல வருஷம் தவணை கட்டவேண்டி இருந்தது. குடும்பம் பெருகியது, நிலம் பெருகவில்லை. விளையாத வருஷத்திலும் வரி நின்றபாடில்லை. ஊரில் பஞ்சம் இருக்கும்போது தானியம் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிழைக்க வழியில்லாதவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு பட்டணத்து ஆலைகளுக்குப் போனார்கள்.

"அப்பறம்?" என்றேன்.

"ம்மா, இது சீரியல் இல்ல. நேரமாச்சு, படு."

எனக்கோ அப்புறம் என்ன ஆனது என்று தெரிந்தாக வேண்டும். மறுநாள் அவளுடைய கோழிக் கிறுக்கல் குறிப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போய், சாப்பாட்டு நேரத்தில் இரண்டாம் தாளை எழுதினேன். ஆலைகளைப் பற்றிய தாள் அது. பதினோரு மணி நேரத்துக்கு மேல் வேலை. ஒரே கட்டிலில் பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று முறைவைத்துத் தூங்கினார்கள். தாமதமாக வந்தால் அபராதம், வேலையில் பேசினால் அபராதம். வேலை முடிந்து வெளியே போகும்போது ஆலை வாசலில் ஆண், பெண் எல்லோரையும் சோதனை போட்டார்கள். சங்கம் வைக்கக் கூடாது, கூட்டம் போடக் கூடாது, பத்திரிகை இஷ்டத்துக்கு எழுதக் கூடாது. சட்டசபை என்று ஒன்றே கிடையாது. குறை இருந்தால் மன்னரிடம் சொல்ல வேண்டும், மன்னரோ யாரையும் பார்ப்பதில்லை.

ஆலை வாசல் சோதனையை எழுதும்போது என் கை நின்றது. எங்கள் கம்பெனியிலும் ஒரு மாதமாக அதுதான் நடந்துகொண்டிருந்தது.

புதிதாக ஒரு மேனேஜர் வந்திருந்தார், வெளியூர்க்காரர். வந்ததும் கணக்குப் பார்த்து, சின்னப் பொம்மைகள் குறைகின்றன, பெண்கள் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று முடிவுகட்டினார். சின்னப் பொம்மை சூளையில்தான் அதிகம் உடையும் என்பது பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் சொன்னால், தெரியும் தெரியும் என்றார். ஐந்து மணிக்கு வாசலில் வாட்ச்மேன் ஒவ்வொருத்தியின் பையையும் டிபன் கேரியரையும் திறந்து பார்க்க வேண்டும். முந்தானையை உதறிக் காட்டச் சொல்ல வேண்டும். வாட்ச்மேன் நல்லூர்ப் பக்கத்து ஆள். ஐம்பது வயதுக்கு மேல் ஆனவர். முந்தானையை உதறச் சொல்லும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வார். நான் ஸ்டாஃப் என்பதால் என் பையை யாரும் திறப்பதில்லை. ஆபீஸ் பக்கத்து வாசல் வழியாகப் போய்விடுவேன். அதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

எழுதியதைப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு காரணமும் இல்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், கையில் இருந்தது, படித்தேன். பொம்மைகளுக்குக் கண் எழுதும் அக்கா ஒருவர் எங்களோடு உட்காருவார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அங்கயுமா? கேரியர தொறந்து பாத்தாங்களா?"

"கேரியர் இருந்துச்சோ என்னவோ. ஆளையே தடவிப் பாப்பாங்களாம்க்கா."

"அந்தூரு வாட்ச்மேனுக்கும் நம்ம அண்ணன் மாதிரி கண்ணு மங்கலா இருந்திருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"அவங்க ராஜா கேக்கலியா இத?"

"அவரு ஊர்லயே இல்லக்கா. வேற அரண்மனையில இருந்தாராம்."

"நம்ம மன்னரும் மெட்ராஸ்லதான இருக்குறாரு" என்றார் அக்கா. எங்கள் முதலாளி மாதத்துக்கு ஒருமுறை வந்து, தொழிற்பேட்டை கெஸ்ட் ஹவுசில் தங்கிவிட்டுப் போகிறவர். அன்றிலிருந்து அவருக்கு மன்னர் என்று பெயர் வைத்தாகிவிட்டது. மன்னர் எப்ப வராரு, மன்னர் போன் பண்ணாரா என்று கொட்டகை முழுக்க அதே பேச்சு.

மூன்றாம் தாளை மறுநாள் வேலைக்கு நடுவில் எழுதினேன். அது மகள் பார்த்துப் பேசுவதற்கான குறிப்பு என்பதால் வாக்கியமாக இல்லாமல் துண்டு துண்டாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைநகரத்துத் தொழிலாளர்கள் ஒரு பாதிரியார் முன்னால் செல்ல, குடும்பம் குடும்பமாக மன்னருக்கு மனு கொடுக்கப் போன கதை அது. மகளுடைய குறிப்பில் 'மதகுரு' என்றும் 'சமயப் படங்கள்' என்றும் இருந்தது. எனக்கு அது நன்றாகப் படவில்லை. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். மதகுரு என்று யார் சொல்கிறார்கள்? கேட்கிற பிள்ளைகளுக்குப் புரிய வேண்டாமா? நான் இப்படி எழுதினேன்:

'ஞாயிறு காலை. பங்குசாமி தலைமை. குடும்பத்தோடு, குழந்தைகளோடு. கையில் மாதா படம், மன்னர் படம். பாட்டு. ஆயுதம் இல்லை. மனு. அரண்மனை வாசல். மன்னர் ஊரில் இல்லை. துப்பாக்கிச் சூடு.'

எழுதி முடித்து, இரண்டு தாள்களையும் பெட்டிச் சீட்டுக் கட்டோடு மேசை இழுப்பறையில் வைத்தேன். மாலையில் எடுத்துப்போக மறந்துவிட்டேன். ரஷ்யா என்ற சொல் வீட்டில் இருந்த முதல் தாளோடு நின்றுவிட்டது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

மறந்ததற்குக் காரணம் அன்று மாலை வாசலில் நடந்த கூத்து. கண் எழுதும் அக்காதான் வரிசையில் முதல் ஆள். வாட்ச்மேன் வழக்கம்போலக் கேரியரின் மேல்தட்டைத் திறந்து பார்த்துவிட்டு, போம்மா என்றார். அக்கா நகரவில்லை.

"அண்ணே, அடித்தட்டு பாக்கலியே."

"பரவால்ல, போம்மா."

"அதெப்புடி? அடித்தட்டுல பொம்ம இருந்தா? நாளைக்கு என் பேருல்ல கெடும்? பாருங்க, நல்லா பாருங்க."

மூன்று தட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார். மீதிச் சாதம், ஊறுகாய், தண்ணீர் பாட்டில் மூடி. பைக்குள் இருந்த துண்டை எடுத்து விரித்து, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டி, மடித்து வைத்தார். செருப்பைக் கழற்றித் தட்டினார். பின்னால் இருந்தவளும் அதையே செய்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவள் வெற்றிலைப் பையைக் கவிழ்த்து, பாக்கை எண்ணிக் காட்டினாள். நாற்பது பெண்கள். யாரும் வேலையை நிறுத்தவில்லை, யாரும் கத்தவில்லை. அவர்களுக்குப் பின்னால் வைக்கோல் வைத்துக் கட்டிய பெட்டிகளோடு லாரி ஒன்று வெளியே போக முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

மேனேஜர் ஓடிவந்தார். "என்ன நடக்குது இங்க?"

"சோதன நடக்குதுங்க சார். நீங்கதான சொன்னீங்க?"

அன்று கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸை எல்லோரும் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றார்கள். நின்றவர்கள் முகத்தில் அலுப்பே இல்லை. நான் பக்கவாசல் வழியாக வந்து அவர்களோடு கொஞ்ச நேரம் நின்றேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசித்தேன். இதை ஆரம்பித்து வைத்தது நான் படித்துக் காட்டியதுதானோ என்று.

மூன்று நாள் அப்படியே நடந்தது. அந்தக் கூத்தில் எனக்குத் தாள்களின் நினைப்பே வரவில்லை. மூன்றாம் நாள் லாரி நேரத்துக்குப் போய்ச் சேராமல் ஒரு லோடு திரும்பி வந்தது. லாரிக்காரருக்குப் பெட்டிச் சீட்டு வேண்டுமென்று என் இழுப்பறையைத் திறந்த மேனேஜர் கையில் இரண்டு தாள்களும் அகப்பட்டன. எழுத்தைப் பார்த்த உடனே அவருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. கம்பெனியிலிருந்து போகிற ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டியிருக்கிற எழுத்து.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஒரு கான்ஸ்டபிள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "எஸ்.ஐ. அய்யா கூப்புடுறாருங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போயிடுங்க."

அந்த ஒரு எட்டை நான் எப்படிப் போனேன் என்று இன்றும் நினைவில்லை.

"எந்த ஞாயித்துக்கெழமம்மா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் இரண்டாம் முறை கேட்டார். நாற்பது வயதிருக்கும். அதட்டவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பக்கத்து நாற்காலியிலிருந்த மேனேஜர் எனக்காகப் பதில் சொன்னார். "வர்ற ஞாயிறுதான் சார். அன்னிக்கு சர்ச்சுல கொடியேத்துறாங்க. கூட்டம் எப்படியும் இருக்கும். அதுல நம்ம ஆளுங்களும் சேந்துகிட்டு கெஸ்ட் ஹவுசுக்கு வரப்போறாங்க. அரண்மனைன்னு போட்டிருக்கு பாருங்க, அது கெஸ்ட் ஹவுசு."

"மன்னருன்னு?"

"எங்க மொதலாளி சார். கம்பெனில எல்லாரும் இப்ப அவர அப்படித்தான் சொல்றாங்க. விசாரிச்சிட்டேன்."

"மன்னர் ஊரில் இல்லைன்னு இருக்குதே."

"மெட்ராஸ்ல இருக்காரு சார்."

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

நான் என்ன சொல்வது? கொடியேற்றம் உண்மை. பட்டப்பெயர் உண்மை. மெட்ராசும் உண்மை.

"கடைசில துப்பாக்கிச் சூடுன்னு எழுதியிருக்கீங்க. யாரு யார சுடுறதும்மா?"

அந்த நேரம் வெளியே மொபெட் நிற்கும் சத்தம் கேட்டது. எங்கள் பங்குசாமி அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். என் எழுத்தினால் பங்குசாமி காவல் நிலையப் படி ஏறிவிட்டார். "தோத்திரம் சாமி" என்றேன்.

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலி கொடுத்தார். "சாமி, ஞாயித்துக்கெழம உங்க தலைமையில ஊர்வலம் இருக்குதா?"

"இருக்குதே. பர்மிஷன் உங்ககிட்டதான வாங்கினேன்?"

"குடும்பத்தோட வருவாங்களா?"

"கொழந்த குட்டியெல்லாம் வரும்."

"மாதா படம்?"

"அதுதான் முன்னாடி போவும்."

"மனு?"

"மனு இல்லாமயா? பெட்டியே வச்சிருக்கோம். ஆளாளுக்கு எழுதிப் போடுவாங்க."

"யாருக்கு?"

"மாதாவுக்கு" என்றார் சாமி. "ஏன், நீங்களும் ஏதாவது போடணுமா?"

"பாத்தீங்களா சார்?" என்று மேனேஜர் குதித்தார்.

எல்லாம் பொருந்திக்கொண்டே போனது. ஒன்று என்றால் விளக்கிவிடலாம். பத்தும் பொருந்தினால் என்ன செய்வது? இதற்கு மேல் விட்டால் யார், எங்கே, எப்போது என்று விசாரித்து வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று தோன்றியது. சட்டென்று சொன்னேன்.

"சார், இத எழுதினது நான். வேற யாருக்கும் இதுல சம்பந்தமே இல்ல. என்ன எழுதணுமோ என் பேர்ல எழுதிக்குங்க."

அவர் தாளை மேசையில் வைத்தார். "வேற யாருன்னு நான் கேக்கவே இல்லியேம்மா."

அந்த ஒரு வாக்கியத்தில் நான் நொறுங்கிப் போனேன். மறைக்கப் போய் நானே காட்டிக்கொடுத்துவிட்டேன். இருபது வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்தது வாயிலிருந்து விழுந்த நாலு சொல்லில் போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் வாசலில் "ம்மா!" என்று குரல் கேட்டது.

யார் வரக் கூடாதென்று நின்றுகொண்டிருந்தேனோ அவளே வந்துவிட்டாள். சைக்கிள் மிதித்து வந்ததில் மூச்சு வாங்கியது. பின்னால் கண் எழுதும் அக்கா, விரல்களில் கறுப்புச் சாயம் காயாமல். கான்ஸ்டபிள் என்னை அழைத்துப்போனதும் அக்கா வேலையைப் போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். அன்று மகளுக்குக் கல்லூரி இல்லை.

யாரும் கேட்காமலேயே மகள் தன் பெயரைச் சொன்னாள். கல்லூரியின் பெயரைச் சொன்னாள். எந்த வருஷம், எந்தப் பாடம் என்று சொன்னாள். ஒவ்வொன்றையும் அவள் சொல்லும்போது அவள் வாயை ஓடிப்போய்ப் பொத்திவிடலாமா என்றிருந்தது எனக்கு.

"சார், இது என் செமினாரு. மொதத் தாளு இங்க இருக்குது. புக்கும் இருக்குது."

இரண்டையும் மேசையில் வைத்தாள். சப்-இன்ஸ்பெக்டர் தலைப்பை வாய்க்குள் படித்தார். பிறகு முதல் தாளை முழுக்கப் படித்தார். அதன் கீழே இரண்டாவதையும் மூன்றாவதையும் வைத்து, மறுபடி படித்தார்.

"நானும் ஹிஸ்டரிதான்மா" என்றார் கடைசியில். "அஞ்சல் வழி. இந்தக் கேள்வி வந்துச்சு எனக்கு. பத்து மார்க்கு. நாலுதான் போட்டான்."

மேனேஜர், "சார், அதெல்லாம் ஒரு சாக்கு—" என்று தொடங்கினார்.

"இருங்க சார்." மகளைப் பார்த்தார். "ஜப்பான்கிட்ட அடி வாங்குனத எங்க காணோம்? அதான உடனடிக் காரணம்?"

"அது நாலாவது தாளு சார். அம்மா இன்னும் எழுதித் தரல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பங்குசாமின்னு ஏன் போட்ட?"

"நான் மதகுருன்னுதான் சார் போட்டேன்." திரும்பினாள். "ம்மா?"

"மதகுருன்னா நம்ம ஆளுங்களுக்குப் புரியாதேன்னு..." என்றேன்.

பங்குசாமி முதல்முறையாகத் தாளை வாங்கிப் பார்த்தார். "பிஷப்புன்னு போடாம வுட்டீங்களேம்மா, அந்தமட்டும் நல்லது."

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். எனக்கு வரவில்லை.

"இவ்ளோ காரணம் எழுதியிருக்கியே, எதும்மா முக்கியமானது?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். இது விசாரணையா, தேர்வா என்று தெரியாமல் மகளும் ஒரு கணம் விழித்தாள்.

"ஒவ்வொருத்தர் ஒண்ணு சொல்றாங்க சார். நெலம்ங்குறாங்க, ஆலைங்குறாங்க, போருங்குறாங்க. எனக்கென்னமோ, அந்த ஜனங்க அன்னிக்குக் காலைல வரைக்கும் ராஜாவ நம்புனாங்கன்னுதான் தோணுது. கைல அவரு படத்த வச்சிருந்தாங்க. கெளம்பும்போது அவங்க எதிரியே இல்ல. திரும்பும்போதுதான் ஆயிட்டாங்க."

அவர் மூன்று தாள்களையும் ஒன்றாக அடுக்கி வைத்தார். கண் எழுதும் அக்காதான் பேசினார்.

"சார், வந்தது வந்துட்டேன், நானும் ஒண்ணு சொல்லிடுறேன். எங்க கேரியர தொறந்து பாக்கட்டும், பாவம், அதுல என்ன இருக்குதுன்னு அவங்களுக்கும் ஆச இருக்கும். நடுவாசல்ல நிக்க வச்சி முந்தானைய ஒதறச் சொல்றாங்களே, அத எங்க போயி சொல்றது? மெட்ராசுக்கா?"

சப்-இன்ஸ்பெக்டர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "யாரு ஒதறச் சொல்றது?"

"வாட்ச்மேன்தான் சார்... நம்ம ஸ்டாண்டர்டு புரோசீஜர்..."

"ஆம்பள வாட்ச்மேனா?"

மேனேஜர் தலையாட்டினார்.

"இந்தம்மா எழுதிக் குடுத்தா நான் வாங்கியாவணும். உங்களுது ஏற்கனவே குடுத்திருக்கீங்க. ரெண்டையும் பதிஞ்சிடலாமா, இல்ல ரெண்டையும் பேசி முடிச்சுக்குறீங்களா?"

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு தன் புகார் மனுவை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே போகும்போது சாமிக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டார்.

போகலாம் என்று எங்களுக்கும் சொல்லியாகிவிட்டது. எல்லோரும் கிளம்பினார்கள். என்னால் கிளம்ப முடியவில்லை.

"சார், பொண்ணு பேர எங்கயும் எழுதலியே?"

"இல்லம்மா."

"அவ பேரச் சொன்னப்ப அவரு என்னமோ எழுதிகிட்டிருந்தாரு." மூலையில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டைக் காட்டினேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. ஏட்டிடம் நோட்டை வாங்கி, என் பக்கமாகத் திருப்பி வைத்தார். காணாமல் போன எருமை மாடு ஒன்றைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. அடையாளம்: இடது கொம்பு வளைவு. நான் கடைசி வரி வரைக்கும் படித்தேன். வெட்கமில்லாமல் முந்தைய பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். அவள் பெயர் இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். அவளை ஒரு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"உன்ன யாரு வரச் சொன்னது? நான் பாத்துக்க மாட்டனா?"

"நல்லாதான் பாத்த. என் பேர்ல எழுதிக்குங்கன்னு சொன்னியாமே, சாமி சொன்னாரு. உன் பேர்ல எழுதுனா உனக்குப் பரவால்லியா?"

அதை நான் யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொடிப்பவனியில் நான் ஒரு பாட்டும் பாடவில்லை. போலீஸ் ஜீப் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். அது வண்டிகளை ஒதுக்கிவிட்டுக்கொண்டு முன்னால் போனது. கொடி ஏறியது, வெடி வெடித்தார்கள், வெடிச் சத்தத்தில் நான் மகளின் தோளைப் பிடித்து அழுத்தியதில் அவளுக்கு நகம் பதிந்துவிட்டது. வேறொன்றும் ஆகவில்லை. கம்பெனியில் முந்தானை உதறுவது காவல் நிலையத்துக்குப் போன மறுநாளே நின்றிருந்தது. கேரியர் பார்ப்பது இன்னும் கொஞ்ச நாள் ஓடியது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், வேலை நேரத்தில் சொந்த எழுத்து வேலை செய்ததற்காக. அது நியாயம்தான். நான் பக்கவாசலை விட்டுவிட்டு, பெண்களோடு முன்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தேன். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வாட்ச்மேன் அண்ணன்தான், நீங்க ஏம்மா இங்க என்று சங்கடப்பட்டார்.

நாலு வருஷம் போனது. மகள் அரசுத் தேர்வில் தேறினாள். உத்தரவுக்கு முன்னால் போலீஸ் விசாரணைக்கு ஆள் வரும் என்றார்கள். அந்தப் பதினேழு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நோட்டில் இல்லை என்று கண்ணால் பார்த்தவள்தான் நான். ஆனாலும் வேறு நோட்டு ஒன்று இருந்திருந்தால்? ஏட்டு பிறகு எழுதியிருந்தால்? ஊர் அடங்கின பிறகு வருகிற யோசனைகளுக்கு அளவே இல்லை.

பதினெட்டாம் நாள் வந்தவர் இளவயதுக் கான்ஸ்டபிள். எனக்குத் தெரியாத முகம். அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வந்து, எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார். மகள் டீ போடப் போயிருந்தாள்.

"கேஸு கீஸு ஏதாவது இருக்குதாம்மா பாப்பா மேல?"

"இல்லீங்க" என்றேன். பிறகு, அவர் கேட்காமலேயே, "ஒரு தடவ ஸ்டேஷனுக்கு மட்டும் போயிருக்கா. அதுவும் எனக்காக" என்றேன். உள்ளே பாத்திரம் ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க மேல கேஸா?"

"இல்ல, எனக்கும் இல்லீங்க. யாருக்குமே இல்ல."

"அப்பறம் ஏம்மா சொல்றீங்க?" என்று சிரித்துவிட்டு அவர் அந்தக் கட்டத்தில் எழுதினார். எதிரே உட்கார்ந்து தலைகீழாகத்தான் படித்தேன். 'இல்லை' என்று எழுதியிருந்தார். அவ்வளவு மோசமான எழுத்து. ல்-க்குப் புள்ளிகூட வைக்கவில்லை. வைக்கச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. டீயோடு வந்து நின்ற மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பேசாமல் எழுந்துபோய் அவருக்குப் பிஸ்கட் எடுத்துவந்தேன்.